பதினெட்டு வீட்டுத் தண்ணீர்

நகரத்தில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்துக்கு ஒரு காவலாளி இருந்தார். கை நடுக்கம் உள்ளவர். காலையில் இரும்புக் கேட்டின் பூட்டைத் திறக்க அவர் படும் பாட்டை மாடியில் நின்று எல்லோரும் பார்ப்பார்கள். சாவி துவாரத்துக்குள் போகாது. போனால் திரும்பாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்ற நிற்பவர்கள் மணியைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். ஆளை மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரண்டாம் மாடியில் இருந்த மோட்டார் மெக்கானிக், தன் மனைவி தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனார். பூட்டைக் கழற்றித் தூசு தட்டினார். சாவியின் பல்லை அரத்தால் லேசாக ராவினார். துவாரத்தின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தி, எண்ணெய் விட்டு, பழையபடி மாட்டிவிட்டு மேலே வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் சாவி தானாகப் போய் உட்கார்ந்தது. காவலாளி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுக்கம் குறைந்துவிட்டது என்று கட்டிடம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார், ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். மெக்கானிக்கிடமும் வந்து சொன்னார். "அப்படியாண்ணே, ரொம்ப சந்தோஷம்" என்று இவரும் கேட்டுக்கொண்டார்.

மனைவிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அதுவும் புட்டியில் எண்ணெய் குறைந்திருந்ததால். மற்றவர் கஷ்டத்தைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் பிற்பாடு அந்தக் குடும்பத்தையே கவிழ்த்தது.

அவர் வேலை பார்த்த பட்டறையை ஒருநாள் முதலாளி விற்றுவிட்டார். அந்த இடத்தில் கார் நிறுத்தும் கட்டிடம் வரப்போகிறதாம். பன்னிரண்டு வருஷமாக மோட்டாருக்குக் கம்பி சுற்றிய மனுஷன், ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது பழைய வாடிக்கைக்காரர் ஒருவரிடமிருந்து ஆள் வந்தது. தூரத்தில், கடற்கரையில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். அந்த ஊருக்கே அவர்தான் தலைவர். கம்பெனி மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும், இரண்டு அறை வீடும் தருகிறேன், வாசலில் நின்றால் கடல் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மனைவிக்குச் சம்மதமில்லை. அவளுக்கு அந்தத் தெருவில் தையல் வாடிக்கை இருந்தது. மூத்தவள் இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு ஒன்றரை வயது. இருந்தது ஒரே அறைதான். கட்டில், அடுப்பு, தையல் மிஷின் எல்லாம் அதற்குள்ளேயே. மிஷினுக்குக் கீழே, காலால் மிதிக்கும் பலகைக்குப் பக்கத்தில்தான் மூத்தவளுக்குப் படுக்கை. இருந்தாலும் அது பழகிய அறை. போன இடத்தில் யார் இருக்கிறார்கள் நமக்கு என்று கேட்டாள். கடல் தண்ணீரையா குடிக்கப் போகிறோம் என்றும் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்று சொன்னார்.

"நம்ம பிள்ளைங்க இதுவரைக்கும் செவுத்துல முட்டாம நேரா ஓடினதே இல்ல. கவனிச்சியா?"

அவள் கவனித்ததில்லை. அன்றைக்குக் கவனித்தாள். மூத்தவள் கதவிலிருந்து நாலு எட்டு ஓடி, கட்டிலில் கை வைத்துத் திரும்பி, மறுபடி நாலு எட்டு ஓடிக்கொண்டிருந்தாள். அதோடு அவள் சம்மதித்துவிட்டாள்.

சின்ன லாரி ஒன்றில் தையல் மிஷினைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். சின்னவள் வழி நெடுக வாந்தி. வீடு என்னவோ சொன்னபடிதான் இருந்தது. ஆனால் சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு உப்பாக உதிர்ந்தது. கதவுக் கீல் சிவந்து போயிருந்தது. சாப்பாட்டிலும் மணல், பாயிலும் மணல், பல்லிடுக்கிலும் மணல். "மிஷின் துருப்பிடிக்கிறதுக்குள்ள நான் பிடிச்சிடுவேன்" என்றாள் மனைவி. அவர் சிரித்துக்கொண்டே மிஷினுக்கு எண்ணெய் விட்டார்.

மூத்தவள் வாசலில் இறங்கி ஓடினாள். தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தாள். படகுகள் வரைக்கும் போய் புள்ளி மாதிரி ஆனபிறகுதான் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு காட்சிக்காக இந்த மணலைத் தின்னலாம் என்று மனைவிக்கே அன்று தோன்றியது.

அந்த ஊரில் பதினெட்டு வீடு. எல்லோருக்கும் குடிதண்ணீர் ஒரே இடத்தில்தான். மணல் மேட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் தோண்டிப் பலகை அடித்து வைத்திருந்தார்கள். ஊற்று என்பார்கள். அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஊற்றுத் தண்ணீர் அப்படி இனிக்கும். ஒரு வீட்டுக்குக் காலையில் இரண்டு குடம். குவளையால்தான் மொள்ள வேண்டும். ஒரு வீடு மொண்டு முடித்ததும், தண்ணீர் சுரந்து பழைய மட்டத்துக்கு வரும்வரை அடுத்த வீடு காத்திருக்க வேண்டும். வரிசையைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் ஊற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு தடவை பள்ளத்தில் சறுக்கி விழுந்ததில் வலது தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது. அந்தக் கையால் குடம் தூக்கும்போது முகம் ஒரு பக்கமாகக் கோணும்.

புதிதாக வந்தவர்களுக்குக் கடைசி முறை. மெக்கானிக்கின் மனைவிக்குக் குடம் நிறையும்போது வெயில் உச்சி மண்டையைப் பிளக்கும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் யாருக்குத்தான் முதல் பந்தி கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒருநாள் அவளுக்குக் குடம் தூக்கிவிட வந்த புருஷன், ஊற்றக்காவின் தோள்பட்டையைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போயிருந்தாள். அவர் அவள் முன்னாலேயே தலைவரிடம் கேட்டார், ஊற்றில் ஒரு சின்ன மோட்டார் போட்டுத் தொட்டி வைத்துக் குழாய் விடலாமா என்று. தலைவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்.

"போடுப்பா. நான் சொன்னேன்னு சொல்லு. பொம்பளைங்க இடுப்பாவது பிழைச்சுப் போகட்டும்."

ஊற்றக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "தம்பி, ஊத்துத் தண்ணிய அவசரப்படுத்தக் கூடாது. கோவிச்சுக்கும்" என்றாள்.

"தண்ணிக்கு என்னக்கா கோவம்? அதுக்கென்ன நாத்தனாரா இருக்கு, மூட்டி விட?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊற்றக்காவும் சிரித்துவிட்டாள். ஏன் அவசரப்படுத்தக் கூடாது என்பது அவளுக்கும் தெரியாது. அவளுக்குச் சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்காது. கோபம் என்ற ஒரு சொல்தான் அவர்கள் கைக்கு வந்திருந்தது. காரணம் வேண்டும் என்று கேட்டுப் பழகிய நகரத்து மெக்கானிக்குக்கு அந்தச் சொல் சிரிப்பாகப் போய்விட்டது.

கம்பெனியில் ஒதுக்கிப் போட்டிருந்த அரை எச்.பி. மோட்டார் ஒன்றை எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கம்பி சுற்றினார். மேட்டின் மேல் தொட்டி வைத்து இரண்டு குழாய் பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. பதினெட்டு வீட்டுப் பெண்களும் குடம், அண்டா, வாளி என்று கையில் அகப்பட்டதை எல்லாம் கொண்டுவந்து நிரப்பினார்கள். பிள்ளைகளைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டினார்கள். மகராசன் என்றார்கள், உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் என்றார்கள். மனைவியை முதல் ஆளாக நிற்கச் சொன்னார்கள். ஊற்றக்கா தன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் தண்ணீரில் லேசாக ஒரு கரிப்பு. முதலில் குடத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். தேய்த்துக் கழுவினார்கள். பதினோராம் நாள் கரிப்பு கூடியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் குடித்துப் பார்த்தார். நகரத்தில் குழாய் கலங்கி வந்தால் என்ன செய்வோம்? கொஞ்ச நேரம் திறந்து விடுவோம், கெட்டதெல்லாம் போய் நல்ல தண்ணீர் வரும். பிறந்ததிலிருந்து அவர் பார்த்தது அதைத்தான். பொழுது விடிந்ததும் மோட்டாரைப் போட்டார், பொழுது சாயும்வரை ஓடவிட்டார். தண்ணீர் மணல் மேட்டில் வாய்க்கால் கட்டி ஓடியது. சாயங்காலம் ஒரு குவளை பிடித்து வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அது கடல்.

மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடை படிந்த மாதிரி மெல்லிசாகத்தான் நிற்குமாம். மெதுவாக வழித்தால் ஆடை வரும். உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறிவிடும். வெகுநாள் கழித்து, படித்தவர் ஒருவர் சொல்லித்தான் இது மனைவிக்கே தெரிந்தது. அந்த ஊரில் அன்றைக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

வலைக் கொட்டகையில் ஊர் கூடியது. யாரைக் கேட்டு மோட்டார் போட்டாய் என்பதுதான் முதல் கேள்வி. தலைவரைக் கேட்டேன் என்றார் இவர். தலைவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கேட்டாரு. ஊர்ல கலந்துக்கிட்டு சொல்றேன்னேன். அதுக்குள்ள கொண்டுபோய் மாட்டிட்டாரு" என்றார்.

மனைவி எழுந்துவிட்டாள். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் போய், நான் சாப்பாடு கொண்டு வந்தபோது என் காது கேட்கத்தானே போடு என்றீர்கள் என்று கேட்டுவிட்டாள். தலைவர் அவள் பக்கமே திரும்பவில்லை. புருஷனுக்குப் பெண்டாட்டி சாட்சியா என்று பொதுவாகக் கேட்டார். கொட்டகை சிரித்தது. அன்று குழாயடியில் தங்கக் காப்பு போடணும் என்றவள் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "விடு. மோட்டார் நான் போட்டதுதானே" என்றார்.

தீர்ப்பு இதுதான். பெரிய சாலையில் இருக்கும் அரசாங்கக் குழாயிலிருந்து பதினெட்டு வீட்டுக்கும் அவர் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் ஊற்ற வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஊற்றுப் பக்கம் அவர் நிழல் படக்கூடாது. அவர் கை பட்டால் திரும்பக் கெடுமாம். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார்.

"தண்ணி இனிக்கிற வரைக்கும். இனிச்சா நாங்களே சொல்லுவோம்" என்றார் தலைவர்.

அவர் சரி என்று கும்பிட்டார். அவள் அதைத்தான் கடைசிவரை மறக்கவில்லை. ஏதோ வரம் வாங்கியவர் மாதிரி கும்பிட்டார்.

மறுநாளே மூன்று சக்கர வண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார். விடிவதற்கு முன் எழுந்து முகம் கழுவி, மேலே இருப்பவனைக் கும்பிட்டுவிட்டு ஒரு நடை. வந்து கம்பெனி வேலை. வேலை முடிந்து இன்னொரு நடை. பெடலை மிதித்தால் மணலில் சக்கரம் புதையும். ஊருக்குள் வரும் கடைசித் தூரம் இறங்கித் தள்ள வேண்டும். நாலு மாதத்தில் அவர் கன்னம் ஒட்டிப் போனது. உள்ளங்கை காய்த்துப் போய், பிள்ளைகளைத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது என்று சின்னவள் தலையை நகர்த்திக்கொள்வாள்.

ஊர் அவரை உப்பு என்று கூப்பிட ஆரம்பித்தது. "உப்பு வந்தாச்சு" என்று ஒரு வாசலில் குரல் கேட்டால் அடுத்த வாசலில் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். முன்பு இரண்டு குடம் எடுத்தவர்களுக்கு இப்போது மூன்று போதவில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறது என்று ஒருத்தி அவர் கண்ணெதிரே மணலில் கவிழ்த்துவிட்டு, வேறு கொண்டு வா என்றாள். ஒருவர் வலை கழுவினார். அரசாங்கக் குழாய்த் தண்ணீரில் அடிக்கும் மருந்து வாடைக்கும் அவர்தான் திட்டு வாங்கினார்.

மனைவி ஒரு பெண்ணுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மறுநாள் அது வாசல்படியில் கிடந்தது, உப்புப் பூத்திருக்கிறது என்ற சேதியோடு. அதற்குப் பிறகு யாரும் துணி கொண்டுவரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூத்தவளைத் தண்ணீர்ப் பானை பக்கம் விடுவதில்லை. நீ தொட்டால் கரிக்கும் என்பார்கள். டீச்சரம்மா கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாளாம். பிள்ளை அதை அழுதுகொண்டுகூடச் சொல்லவில்லை, கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. அவளிடம் ஓட்டம் நின்றுபோயிருந்தது. பள்ளி விட்டால் வீட்டுச் சுவரை ஒட்டியே நடந்து வந்தாள்.

இவ்வளவையும் மனைவி சாப்பாட்டு வேளையில் புருஷனிடம் சொல்லுவாள். அவர் தலை குனிந்து கேட்பார். தப்பு நான் செய்தேன், அவர்கள் பேசுகிறார்கள், பேசட்டும் என்பார். தப்புக்கு ஒரு அளவு இல்லையா என்று கேட்டால், அளவை நாமா சொல்வது என்பார். அவரோடு சண்டை போடவும் முடியாது. காற்றைப் பிடித்து அடித்த மாதிரி இருக்கும்.

இதில் இன்னொரு கொடுமை. பதினெட்டு வீட்டுக்கும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவார். வழியில் யாராவது கூட ஒரு குடம் கேட்டால் அது அவர் வீட்டுக் குடமாகத்தான் இருக்கும். பல நாள் காலி வண்டிதான் வாசலில் வந்து நிற்கும். நாளைக்கு நமக்கு முதலில் ஊற்றிவிடுகிறேன் என்பார். அந்த நாளை வரவே இல்லை.

மழைக்காலம் வந்தது. பத்து நாள் விடாமல் அடித்தது. தண்ணீர் கரித்ததும் ஊற்றின் மேல் போட்டு மூடிய பலகை அப்படியே கிடந்தது. வண்டி நிற்கவில்லை. மழையிலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தள்ளினார். மழை விட்டு இரண்டு மாதம் இருக்கும், ஒருநாள் காலையில் சின்னவளுக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. நாலு தடவை போனதும் பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. ஊரில் மருந்து கொடுக்கிற நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இரு, நிறுத்தினால் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனாள். வீட்டில் குடத்தைச் சாய்த்தால் அரை டம்ளர். அவர் முதல் நடை போயிருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும்.

பிள்ளையை மூத்தவள் மடியில் கிடத்திவிட்டு மனைவி டம்ளரோடு ஓடினாள். முதல் வீட்டில், உன் புருஷன் கொண்டு வந்தால்தானே எங்களுக்கே தண்ணீர் என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் ஆள் இருந்தும் பதில் இல்லை. மூன்றாவது வீட்டில் மருமகள் ஒருத்தி உள்ளே போய் டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, நீ நல்லா இருக்கணும்மா என்று வாழ்த்திவிட்டு ஓடினாள். பாதி வழியில் என்ன தோன்றியதோ, ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். கைப்பிடி உப்பைக் கரைத்திருந்தார்கள். பின்னால் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஆண்டவன் அந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். என்ன நினைத்தானோ.

ஊற்றக்கா வீடு திறந்து கிடந்தது, ஆளில்லை. இவள் கேட்கவில்லை, கூப்பிடவில்லை, நேராக அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து மொண்டாள். மொண்டதை நாக்கில் வைத்தாள். உப்பில்லை. மருந்து வாடையும் இல்லை. டம்ளரின் அடியில் இரண்டு மணல் துகள் உட்கார்ந்திருந்தது. வந்த புதிதில் வெயிலில் காத்து நின்று மொண்ட அதே இனிப்பு.

திரும்பினால் வாசலில் ஊற்றக்கா நிற்கிறாள். இடுப்பில் குடம். குடத்தின் அடியில் ஈர மணல் ஒட்டியிருக்கிறது.

"எத்தன நாளாக்கா?" என்றாள் இவள்.

ஊற்றக்கா குடத்தை இறக்கி வைத்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. "மழை விட்டதிலிருந்து" என்றாள்.

"ஒருத்தர் கூடச் சொல்லலையே. அவரு ரத்தம் கக்குறதப் பாத்துக்கிட்டு."

"வாசலுக்கு வர்ற தண்ணிய எவ வேணாம்பா? குடிக்க ஊத்து. குளிக்க, துவைக்க, கழுவ உன் வீட்டுக்காரரு. சொல்லக் கூடாதுன்னு தலைவரு சொல்லிட்டாரு" என்ற ஊற்றக்கா, வழியை விட்டு நகர்ந்து, "தண்ணி எடுத்துக்கிட்டுப் போ. பிள்ளைக்கு ஆகட்டும்" என்றாள்.

அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றித்தான் பிள்ளையைப் பிழைக்க வைத்தாள். மூன்றாம் நாள் சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். அதுவரை புருஷனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. அன்று பொழுது சாயும் நேரம் அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும், பதறாமல், ஒன்று விடாமல் சொன்னாள். ஊர் முழுக்கச் சேர்ந்து மறைத்ததையும் சொன்னாள், உப்புக் கரைத்த டம்ளரையும் சொன்னாள். இனி இவருக்கு ரோஷம் வரும், பெட்டியைக் கட்டு என்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடிச்சுப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"இனிச்சுதா?"

"இனிச்சுது."

அவர் முகம் மலர்ந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. ஊற்று செத்துப்போகவில்லை, ஆண்டவன் என்னைக் கைவிடவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவள் பிள்ளை சாகக் கிடந்ததைச் சொன்னாள், அவர் ஊற்று பிழைத்ததைக் கேட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு அவரை அடிக்கக் கை ஓங்கியது. அடக்கிக்கொண்டு, சரி, அப்படியானால் கிளம்பலாம்தானே என்று கேட்டாள்.

"அவங்க சொல்லட்டும்" என்றார். "இனிச்சா சொல்லுவோம்னு சபையில சொல்லியிருக்காங்க. அவங்க வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா, நான் கெடுத்தது தீந்துபோச்சுன்னு அர்த்தம். அது வராம நான் எந்த ஊருக்குப் போயி என்ன?"

சொல்ல மாட்டார்கள் என்றாள். சொல்லுவார்கள் என்றார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வண்டி போய்த் திரும்பி வந்தது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஊற்றக்கா வீட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, உடனே நகராமல், குடத்தின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ கேட்கக் காத்திருக்கிறவர் மாதிரி. ஊற்றக்கா தலையைக் குனிந்துகொண்டு, நாளைக்கு ஒரு குடம் சேர்த்துக் கொண்டுவா தம்பி என்றாள். சரிக்கா என்று வண்டியைத் தள்ளினார்.

அன்றைக்கே அவள் துணிகளை மூட்டை கட்டினாள். நகரத்தில் அக்கா வீட்டில் ஒரு மூலை கிடைக்கும், பிறகு எங்காவது ஒரு அறை பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். அவர் தடுக்கவில்லை. மூட்டையைச் சரியாகக் கட்டவில்லை என்று அவிழ்த்து அவரே கட்டிக் கொடுத்தார். துருவேறிய தையல் மிஷினை விட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவர் பதினான்கு மாதம் இருந்தார். அவள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியதற்கெல்லாம், சீக்கிரம் சொல்லிவிடுவார்கள், சொன்னதும் வந்துவிடுகிறேன் என்றே பதில் வந்தது. ஒருநாள் காலையில் மணலில் வண்டியைத் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டியில் குடங்கள் நிறைந்தபடியே நின்றனவாம். அன்றைக்கு ஊரில் யாரும் தாகத்தால் தவிக்கவில்லை. பலகையை நகர்த்திவிட்டு ஊற்றில் மொண்டுகொண்டார்கள். அவர் காது கேட்க அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

சேதி வந்தபோது அவள் யார் வீட்டுத் துணியையோ தைத்துக்கொண்டிருந்தாள். சேதி சொன்னவர் போன பிறகும் கால் பாட்டுக்கு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது. அவரை அவள் கடைசியாகப் பார்த்தது ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, பஸ் நிறுத்தத்தில். அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

பஸ் நிற்பது பெரிய சாலையில், அந்த அரசாங்கக் குழாய்க்குப் பக்கத்தில்தான். அங்கே வரைக்கும் பிள்ளைகளையும் மூட்டையையும் காலிக் குடங்களோடு வண்டியிலேயே உட்காரவைத்துத் தள்ளி வந்தார். வந்ததும் குழாயைத் திறந்து குடங்களை வரிசையாக வைத்தார். பஸ் வருவதற்குள் பன்னிரண்டு குடம் நிறைந்துவிட்டது, ஆறு பாக்கி. மூட்டையை ஏற்றினார். மூத்தவளைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தார். அந்தப் பிள்ளை அவர் சட்டைக் காலரை விடவில்லை. விரல் விரலாக எடுத்துவிட்டார்.

"ஏறுங்க" என்றாள் அவள் படியில் நின்றபடி. "வண்டி அங்கயே நிக்கட்டும். யாராவது கொண்டுபோய்க் குடுத்துக்குவாங்க. ஏறுங்க."

கண்டக்டர், ஏறுகிறீர்களா இல்லையா ஐயா என்று கேட்டார். அவர் ஒரு கையால் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடங்களைத் திரும்பிப் பார்த்தார். குழாயடியில் வைத்த பதின்மூன்றாவது குடம் நிரம்பி வழிய ஆரம்பித்திருந்தது. கம்பியை விட்டுவிட்டு ஓடிப்போய்க் குழாயை அடைத்தார். அப்படியே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு கேட்டாள். "பதினெட்டு வீட்டுக்கும் ஊத்துனீங்க. ஒரு நாளாவது நம்ம வீட்டுக்கு முதல்ல ஊத்தணும்னு தோணலையாங்க உங்களுக்கு?"

அவர் பஸ்ஸோடு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"நம்ம வீடுதானேம்மா" என்றார். "பொறுத்துக்கும்னு நினைச்சேன்."